நகராத புள்ளி

பிரபாகர் எந்தப் பேருந்திலும் நேராக ஏற மாட்டார். முதலில் தோளில் தொங்கும் துணிப்பையிலிருந்து ஒரு சாண் நீளமுள்ள புளியங்கட்டையை எடுப்பார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய், இடது கையை வண்டியின் தகரத்தில் ஊன்றிக் குனிந்து, வெளி டயரை இரண்டு தட்டு தட்டுவார். பிறகு கையை உள்ளே விட்டு, இரட்டைச் சக்கரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் உள் டயரை ஒரு தட்டு. தட்டியதும் தலையை லேசாகச் சாய்ப்பார், பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்கிறவர் போல. காற்று சரியாக இருந்தால் டயர் 'டங்' என்று கட்டையைத் திருப்பி அனுப்பும். குறைந்திருந்தால் 'தொப்' என்று வாங்கி வைத்துக்கொள்ளும். மறுபக்கமும் போய் இதையே செய்துவிட்டு, கட்டையைப் பையில் போட்டு, கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு கடைசி ஆளாக ஏறுவார்.

சங்ககிரியில் எல்லா லாரி கிளீனர்களும் செய்கிற வேலைதான் இது. ஆனால் அவர்கள் தங்கள் வண்டிக்குச் செய்வார்கள். நாற்பதைத் தாண்டிய கணக்கு வாத்தியார் ஒருவர், இஸ்திரி போட்ட சட்டையோடு, யாரோ ஓட்டுகிற டவுன் பஸ்ஸுக்கு அதைச் செய்வதைப் பார்க்க பேருந்து நிறுத்தத்தில் எப்போதும் இரண்டு பேர் நிற்பார்கள்.

"ஏனுங் வாத்தியாரே, வண்டி போய்ச் சேருமா? ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீங்கன்னா விசில் அடிச்சர்றேன்" என்பார் நடத்துநர்.

"உள் டயரு கொஞ்சம் தூங்குதுங்க. சூரமங்கலம் வரைக்கும் ஓடும்."

"நாங்க போறதே சூரமங்கலந்தானுங்க."

"அப்பறமென்னங்க, அடிங்க விசில."

சூரமங்கலத்தில் அவருக்கு வேலை எதுவும் இருக்காது. ஒரு டீ குடிப்பார், ரயில்வே ஸ்டேஷன் வாசல்வரை நடப்பார், அடுத்த பஸ்ஸில் திரும்புவார். திரும்புகிற பஸ்ஸுக்கும் நான்கு பக்கமும் தட்டல் உண்டு.

நான் சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன். எங்கள் லாரிகளில் மாட்டியிருக்கும் ஜிபிஎஸ் கருவிகள் அனுப்புவதெல்லாம் என் திரையில் புள்ளிகளாகத் தெரியும். நாக்பூர் பக்கம் ஒன்று, விஜயவாடா தாண்டி ஒன்று. ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. சிவப்பு ரொம்ப நேரம் சிவப்பாகவே இருந்தால் முதலாளி சரவணக்குமாரிடம் சொல்ல வேண்டும். மற்ற நேரத்தில் மேசை இழுப்பறை கொஞ்சம் திறந்திருக்கும், அதற்குள் ஒரு கவிதைத் தொகுப்பு விரிந்திருக்கும். எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல வேலை இது. யாரோடும் பேச வேண்டியதில்லை.

பேச வைத்தவர் பிரபாகரின் அம்மா கந்தம்மாள்தான். அவர் கணவர் கைலாசம் எங்கள் முதலாளியின் அப்பா காலத்தில் இந்த ஆபீஸ் லாரியை ஓட்டியவர். இப்போது உயிரோடு இல்லை. லாரி வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கிளம்புகிறவரை 'எங்கே, எப்போது வருவாய்' என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் போகிற பயணம் கெட்டுவிடும். போகிறவரும் சொல்ல மாட்டார். மூன்று நாள் கழித்து வீட்டுப் பெண்கள் ஆபீஸ் வாசலுக்கு வந்து, "வண்டி எங்க நிக்குதுங்க?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். கந்தம்மாள் கல்யாணமான நாள் முதல் அப்படிக் கேட்டவர்.

பிரபாகர் மாலத்தீவில் ஒரு சின்னத் தீவின் பள்ளியில் பன்னிரண்டு வருடம் கணக்கு நடத்தினார். அப்போது விடுமுறைக்கு வந்தால்தான் கட்டையும் டவுன் பஸ்ஸும். நல்ல வேலை, நல்ல பிள்ளைகள், ஜன்னலைத் திறந்தால் கடல். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே கிடந்திருப்பார்கள். இவர் லாரிக்காரர் மகன். தீவு முழுவதையும் நடந்து சுற்ற அரை மணி நேரம் ஆகாது. தினமும் சாயங்காலம் சுற்றுவார். ஒரு சுற்று போதாமல் இரண்டு, பிறகு மூன்று. கடைக்காரர்கள் அவரைப் பார்த்துக் கடிகாரம் திருத்துவார்கள் என்று அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவார்.

வேலையை விட்டதற்கு அவர் சொன்ன காரணம் ஒரு கணக்கு. 'ஒரு லாரி மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. மூன்று மணி நேரத்தில் எவ்வளவு தூரம் கடக்கும்?' கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டாராம். முன்வரிசையில் இருந்த பெண் எழுந்து, "சார், ஒரு நிமிஷத்திலேயே கடலுக்குள்ள போயிடுமே, டிரைவருக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறாள். வகுப்பே சிரித்தது. இவரும் சிரித்தார். சிரித்தபின் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, தான் போட்ட கோட்டையே பார்த்துக்கொண்டு மணி அடிக்கும்வரை நின்றாராம். அடுத்த வாரம் புவியியல் அறைச் சுவரில் தென் அமெரிக்காவின் படத்தைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை ஒரே மலைத்தொடர், அதன் முதுகிலேயே ஒரு சாலை. "கடல்ல போயி விழறதுக்கு மாசக்கணக்காகும் தம்பி. அவ்வளவு நீளம்" என்றார் என்னிடம்.

விடுமுறைக்கு வந்தவர் வேலையை விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. மறுபடி பெட்டி கட்டியபோது மாலத்தீவுக்கு என்றே நினைத்தார்கள். பெட்டிக்குள் இரண்டு கம்பளிச் சட்டை இருந்ததைக் கந்தம்மாள் பார்த்திருக்கிறார். வெயில் தீவுக்கு எதற்குக் கம்பளி? கேட்கவில்லை. கிளம்புகிறவரிடம் கேட்கக்கூடாது.

கிளம்புவதற்கு முந்தின நாள் பிரபாகர் ஆபீசுக்கு வந்து என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

"எதுக்குங்கண்ணா?"

"அம்மா வந்து கேக்கும்ல? சொல்றதுக்கு."

ஒரு வாரம் கழித்து என் வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடமும் அதன் மேல் ஒரு சிவப்புப் புள்ளியும் வந்தன. புள்ளியைச் சுற்றியிருந்த தெருப்பெயர் எதுவும் வாயில் நுழையவில்லை. விரலால் சுருக்கச் சுருக்க ஊர் போய், நாடு போய், கடைசியில் கடல் வந்தது. கொலம்பியாவின் பொகோட்டா. அன்று மத்தியானம், ஆபீசில் நான் மட்டும் இருந்த நேரத்தில், கந்தம்மாள் வந்து வாசல்படிக்குக் கீழேயே நின்று மெதுவாகக் கேட்டார்.

"எங்க சாமி நிக்கிறான்?"

போனை நீட்டினேன். "மாலத்தீவு இல்லீங்கம்மா. இது தென் அமெரிக்கா. ரெண்டு கடல் தாண்டி."

அவர் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ரோடு இருக்குதா?"

"இருக்குதுங்க. மலைமேல, நல்ல ரோடு."

"ரோடு இருந்தாச் செரி" என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அவரிடம் மகள் வாங்கிக் கொடுத்த டச் போன் உண்டு. மகனோடு நேரடியாகவே பேசலாமே என்று ஒருநாள் சொன்னேன். "போன்ல அவன் சொல்றதுதான் தெரியும். இதுலதான் நெசம் தெரியும்" என்றார். "எங்கூட்டுக்காரரு ஓசூர் வந்துட்டேன்னு போன் பண்ணுவாரு. இங்க வந்து கேட்டா வண்டி இந்தூர்ல நிக்கும்."

அதன்பிறகு புள்ளி தெற்கே இறங்கத் தொடங்கியது. அவர் அங்கே படுக்கப்போகும் நேரம் இங்கே நான் ஷட்டரைத் தூக்கும் நேரம். ஈக்வடார், பெரு என்று பேருந்து பேருந்தாக மாறி, எந்த ஊரிலும் ஒரு ராத்திரிக்கு மேல் தங்காமல் போனார். குரல் பதிவுகளில் பின்னால் எப்போதும் ஒரு எஞ்சின் உறுமும். "தம்பி, இங்க பெரிய ஏரிங்க, கண்ணுக்கெட்டுன தூரம் தண்ணி. எல்லாரும் படம் எடுக்கறாங்க. எனக்கு உக்கார முடியல. அடுத்த பஸ்ஸு எப்பன்னு கேட்டுட்டு வந்துட்டேன்." இன்னொரு நாள்: "மலைக்கு அந்தப் பக்கம் போனா செரியாயிரும்னு நெனச்சேன். அந்தப் பக்கமும் மலைதானுங்க." அவர் சொன்னதைவிட, சொல்லும்போது வாங்கிய மூச்சுதான் எனக்குள் தங்கும். ஓடிக்கொண்டிருக்கிற ஒருவர் ஓடிக்கொண்டே பேசுவது போலிருக்கும்.

ஆபீசுக்கு வரும் டிரைவர்களுக்கு இது பொழுதுபோக்காகிவிட்டது. "வாத்தியார் வண்டி இன்னைக்கி எங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் டீ சொல்வார்கள். பொலிவியாவில் புது வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு பீர் ஊற்றிப் பூசை செய்கிற காணொளியை அனுப்பியபோது டிரைவர் ஈஸ்வர் என் போனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினார். "டேய், இங்க பாருங்கடா! நாம தேங்காய ஒடைச்சு வீணாக்கறோம்!"

இதற்கு நடுவில்தான் காதுகுத்து வந்தது. பிரபாகரின் தங்கை அகல்யாவை ராசிபுரத்தில் துணி வியாபாரக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறார்கள். அவள் மகள் தேவிப்ரியாவுக்குச் சேந்தமங்கலத்துக் கோயிலில் நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அகல்யாவும் மாமியார் ராசம்மாளும் எங்கள் முதலாளிக்குப் பத்திரிகை வைக்க ஆபீசுக்கு வந்தார்கள். கூடவே கந்தம்மாளும்.

"மொட்டைக்குத் தாய்மாமன் செல்போனுக்குள்ள இருந்து எட்டிப் பாத்தாருங்க" என்றார் ராசம்மாள், தட்டை நீட்டியபடி. "காது குத்தறதுக்குச் செல்போன் மேல கொழந்தைய உக்கார வெக்க முடியுமாங்க?"

சரவணக்குமார் சிரித்தார். அகல்யா சிரிக்கவில்லை. "அண்ணன் டிக்கெட் போட்டாச்சுங்கத்தை. வந்துரும்."

"வந்தாச் சந்தோசம் கண்ணு. ரோட்டுல மாட்டிக்கிட்டா அது வேற. எங்கூட்டுக்காரரே துணி லோடோட சோலாப்பூர்ல மாட்டிக்கிட்டு, எங்க கண்ணாலத்துக்குப் பொழுது சாஞ்சு வந்து சேந்தவருதான். வண்டி நின்னா யாரும் ஒண்ணுஞ் சொல்ல முடியாது." ராசம்மாள் இப்போது சம்பந்தியைப் பார்த்தார். "ஆனா வர மனசில்லாம நின்னுட்டாருன்னு வைங்க, அப்பறம் மாமன்னு எங்க வாசப்படி மிதிக்க வேண்டாம். நாளைக்கிக் கொழந்தை கண்ணாலத்துக்குங்கூட. இதெ ஏஞ் சொல்றேன்னா, பின்னால கொறை வரக்கூடாது பாருங்க."

அகல்யா மாமியாரின் கையிலிருந்து தட்டை வாங்கி மேசையில் வைத்தாள். பழம் ஒன்று உருண்டது. கந்தம்மாள் அதை எடுத்துத் தட்டில் வைத்தார்.

பிரபாகரின் விமானம் பொலிவியாவின் லா பாஸ் நகரத்திலிருந்து. அதற்கு முன் தெற்கே ஒரு உப்புப் பாலைவனத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். போகும்வரை சரியாகத்தான் போனார். திரும்புகிற வழியில் புள்ளி நின்றது. வரைபடத்தில் ஊர்ப்பெயரே இல்லாத இடம். கூடவே குரல்: "மறியலுங்க தம்பி. ரோட்டுக்குக் குறுக்கே பாறையா உருட்டி வெச்சிருக்காங்க. முன்னாலயும் பின்னாலயும் லாரி. நம்ம ஊர் மாதிரியே இருக்குது."

"மறியல்தானே? ஒரு நாள், ரெண்டு நாள்ல எடுத்துருவாங்க" என்றார் சரவணக்குமார்.

எடுத்ததாகத் தெரியவில்லை. அடுத்த நாளும் அதே இடம், அதற்கடுத்த நாளும். குரல் பதிவுகள் நின்றுவிட்டன. காலையில் புள்ளி மட்டும் வரும். கீழே 'நிக்கிறேன்' என்று ஒரே சொல்.

லாரி ஆபீசில் நகராத புள்ளியை யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எனக்கே கை பரபரத்தது. தட்டினால் நகரும் என்பதுபோலத் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். கந்தம்மாள் இப்போதெல்லாம் மத்தியானத்தில் வரவில்லை. டிரைவர்கள் கூடியிருக்கும் டீ நேரத்தில் வந்தார். படிக்குக் கீழே நிற்காமல் உள்ளே வந்து நின்றார். மெதுவாகவும் கேட்கவில்லை.

"எங்க சாமி நிக்கிறான் எம்பையன்? அங்கயேவா? கெரகம், அந்த நாட்டுப் போலீசுக்குக் கையி காலு இல்லியா? இத்தன நாளா ஒரு பாறைய நவத்த முடியாதா?"

"நடந்தே அக்கட்டால தாண்டிப் போயி வேற பஸ்ஸு புடிக்கலாமேங்கம்மா" என்றார் ஈஸ்வர். "பீகார்ல நாங்க அப்படித்தான் பண்ணுனோம்."

கந்தம்மாள் திரும்பினார். "அந்த ஒசரத்துல மூச்சு நெஞ்சுல அடைக்குமாமா. கொல்லிமலையவிட மூணு பங்கு ஒசரம். பெட்டியத் தூக்கிக்கிட்டு நீ நடப்பியா சாமி? நடந்து காட்டு, பாக்கலாம்."

ஈஸ்வர் டீயை ஊதிக் குடித்தார். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். சாயங்காலத்துக்குள் சங்ககிரி லாரிப்பேட்டை முழுக்க வாத்தியார் மலைமேல் மாட்டிக்கொண்ட கதை பரவிவிட்டது. ராசிபுரத்துக்கும் போய்ச் சேர்ந்தது. விமானம் கிளம்பும் நாளும் போனது.

சேந்தமங்கலத்துக்கு நானும் போயிருந்தேன். கோயில் மரத்தடியில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். எதிரே கொல்லிமலை, மேகத்தில் பாதி. ராசம்மாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அந்தப் படத்தக் காட்டுங்க" என்றார். காட்டினேன். போன் சம்பந்தி வீட்டு ஆண்கள் எல்லோர் கையிலும் சுற்றி வந்தது. அன்று காலைப் புள்ளியும் அதே இடத்தில்தான் இருந்தது. பாலைநிற வெறும் பரப்பில் ஒரே ஒரு சிவப்பு.

"சுத்தி ஒரு ஊடுகூட இல்லியே" என்றார் ஒரு பெரியவர்.

"அதானுங்க. சோத்துக்கு என்ன பண்றானோ" என்றார் கந்தம்மாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிரபாகருக்குப் பதிலாக அவர் பெரியப்பா மகன் கந்தவேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்தார்கள். ஆசாரி முதல் காதில் குத்தியதும் அவள் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காகங்கள் கிளம்பின. இரண்டாவது காதுக்கு அகல்யா வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள். எல்லாம் முடிந்து சீர்வரிசைத் தட்டுகளைப் பிரிக்கும்போது ராசம்மாள் ஒரு பட்டுக்கரை வேட்டியைத் தனியாக எடுத்து மடித்தார்.

"இது கொழந்தையோட மாமனுக்கு. வந்ததும் ஊட்டுக்கு வரச் சொல்லுங்க. பாவம், ரோடு தொறக்கலைன்னா அவருந்தான் என்ன பண்ணுவாரு?"

அகல்யா அம்மாவைப் பார்த்தாள். கந்தம்மாள் தட்டு வெற்றிலையில் ஏறியிருந்த எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

பிரபாகர் கொஞ்ச நாள் கழித்து வந்தார். கறுத்திருந்தார், கன்னம் ஒட்டியிருந்தது. ராசிபுரம் போய் வேட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு, குழந்தையின் காதில் தொங்கிய தோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்டேன். ஒரு வாரம் வீட்டில் இருந்தார். அப்புறம் மறுபடி கட்டையும் பையும், டவுன் பஸ், சூரமங்கலம், டீ.

நாமக்கல்லில் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலைக்கு வகுப்பெடுத்துக் காட்டக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று காலை நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். பஸ் வரவில்லை. நாங்கள் இருவரும் பேசாமலே நிற்கக்கூடியவர்கள். ஆனால் அன்று அவரே போனை எடுத்துப் படங்களைக் காட்டினார். ஏரி, பனி, மாலை போட்ட லாரி. அப்புறம் ஒரு சாலை. ஓரத்தில் ஒரு கல்லில் அவர் உட்கார்ந்திருக்கிறார், புளியங்கட்டை மடியில். பின்னால் தொடுவானம்வரை கறுப்பாக நீளும் தார்ச்சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. இத்தனை வருடத்தில் அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. அடுத்த பஸ் எப்போது என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லாத முகம்.

"இது எந்த எடங்கண்ணா?"

"அதான், நின்னனே. அங்கதான்."

"மறியல்னு சொன்னீங்களே. ரோடு காலியா இருக்குதுங்களே?"

"தொறந்ததுக்கப்பறம் எடுத்ததுங்க. அங்க சோறு ஆக்கற அம்மா ஒருத்தி எடுத்துக் குடுத்தா."

"எப்பங்க தொறந்தாங்க?"

"ரெண்டாம் நாளு பொழுதோடயே தொறந்துட்டாங்க." சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பஸ்ஸுக்கு நாலு பக்கமும் தட்டிப் பாத்தேன். எல்லா டயரும் டங்குன்னுது. கட்டையப் பையில போட்டு, படியில ஒரு கால வெச்சேன். ஏறத் தோணலீங்க. எங்கயும் போகோணும்னு தோணல. அப்பிடி ஒண்ணு எனக்கு வந்ததேயில்ல தம்பி. மலைய விட்டு எறங்குனா அது போயிருமோன்னு பயந்துக்கிட்டு, அந்தம்மா கடையிலயே உருளைக்கெழங்கு உரிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். விமானத்துக்கு நேரம் இருந்துச்சு. தெரிஞ்சேதான் உக்காந்திருந்தேன். ஊருக்கு வந்து எறங்குன மறுநாளு அது போயிருச்சு."

நாமக்கல் பஸ் தூரத்தில் திரும்பியது. அவர் பையில் கைவிட்டுக் கட்டையைத் தேடினார்.

எனக்குக் கோயில் மரத்தடி நினைவுக்கு வந்தது. என் போன் கை கையாகச் சுற்றி வந்தது, முந்தானை, மடித்து வைத்த வேட்டி. "அண்ணா, இது ராசிபுரத்துக்குத் தெரிஞ்சா…" என்று தொடங்கினேன். "அம்மாவுக்குத் தெரிஞ்சா அவங்க…"

"அம்மாவுக்கா?" பஸ் வந்து நின்றது. அவர் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்திருந்தார். "அம்மாகிட்ட ரோடு தொறந்த மறுநாளே போன்ல சொல்லிட்டனுங்களே. எல்லாத்தையும் கேட்டுட்டு, 'நீ நில்லு சாமி, ஊர நான் பாத்துக்கறேன்'னுச்சு."